முதலில் நிற்கட்டும்!

ஒரு கேள்வி. உங்கள் வண்டி அதிகபட்சம் என்ன வேகம் போகும்?

யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். பத்து, இருபது கூட்டியே சொல்வீர்கள்.

இன்னொரு கேள்வி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால், எத்தனை மீட்டர் தள்ளிப் போய் நிற்கும்?

முழிக்கிறீர்கள் இல்லையா? நானும் இப்படித்தான் முழித்தேன், ஆம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில். கேட்டவர் ஒர்க்‌ஷாப் பாய்.

போனது என்னவோ பிரியாணிக்குத்தான். மறைப்பானேன்? ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கும் நண்பர், 'ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாய்யா' என்று கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவினதுமே, 'அங்கிள், ஒரு நிமிஷம்' என்று அவருடைய பையன் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். தகரக் கொட்டகை. உள்ளே தார்ப்பாய் போர்த்திய ஓர் உருவம். மந்திரவாதி மாதிரி தார்ப்பாயை உருவினான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு! 1967 மாடல். இரண்டு கதவு. தோல் ஷாப்பில் மேனேஜராக இருந்த அவனுடைய தாத்தா வாங்கியது. சீட்டில் அந்தக் காலத்துத் தோல் வெடித்துப் போயிருந்தாலும் வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

பையன் எஞ்சினீயரிங் முடித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, எஸ்டீம் கார் எஞ்சினை இறக்குவது. சத்தமாக உறுமுகிற சைலன்சர். அகலமான டயர். வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவது. 'ஸ்பிட்ஃபயர் மாதிரி ஆக்கிடலாம் அங்கிள். ரெண்டுக்கும் அடிப்படைச் சட்டம் ஒண்ணுதான், தெரியுமா?' என்றான்.

தெரியும். 'இந்தத் திட்டத்துல பிரேக் எங்கப்பா?' என்றேன்.

'அது அடுத்த ஃபேஸ் அங்கிள்.'

அடுத்த ஃபேஸ்! இந்த வாரம் என் சண்டை முழுக்க அந்த இரண்டு வார்த்தையோடுதான்.

*

முதலில் அந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த கார் இது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு நம்ம ஊர்ப் பிறப்பு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 948 சி.சி. எஞ்சின். நாற்பதைத் தொடாத குதிரைத்திறன். அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய சாலையில் இரண்டு கதவோடு இது போனால் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாத தேசத்தில் அதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

இதே ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பைப் பொருத்தி, டிரையம்ஃப் கம்பெனி 1962-ல் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்கக் காதலிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். ஆக, பையன் சொன்னதில் பாதி சரி. ஹெரால்டிலிருந்து ஸ்பிட்ஃபயர் பிறக்கும். ஆனால் எந்த வரிசையில் பிறந்தது என்று அவன் படிக்கவில்லை.

ஸ்பிட்ஃபயருக்கு 1,147 சி.சி. எஞ்சின், 63 குதிரைத்திறன். சக்தியைக் கூட்டிய அதே நாளில் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? முன் சக்கரங்களில் டிரம் பிரேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க் பிரேக் வைத்தது. 'அடுத்த ஃபேஸ்' என்று தள்ளிப்போடவில்லை. நம் பையனுடைய காரிலோ நாலு சக்கரத்திலும் டிரம். அதன் மேல் எஸ்டீமின் 1,300 சி.சி. எஞ்சின். அறுபது குதிரைக்கு மேல். பிற்கால மாடல் என்றால் எண்பதையும் தாண்டும். குதிரை இரட்டிப்பு. கடிவாளம் மட்டும் தாத்தா காலத்தது!

கணக்கு எளிது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அந்தச் சக்தி எங்கே போகும்? சூடாக மாறி பிரேக்குக்குள் போகும். டிரம் என்பது மூடின டப்பா. சூடு வெளியேற வழி கம்மி. இரண்டு தடவை அழுத்திப் பிடித்தால், மூன்றாம் தடவை பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

அதோடு முடிந்ததா? இல்லை. ஹெரால்டின் பின்பக்கத்தில் இன்னொரு வில்லன் உட்கார்ந்திருக்கிறான். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஊஞ்சல் மாதிரி ஆடும். ஸ்விங் ஆக்சில் என்று பெயர். குண்டும் குழியுமான சாலையில் சொகுசுதான். ஆனால் வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தீர்கள் என்றால், வண்டியின் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம், கால் பிசகினவன் பாதம் மாதிரி, உள்பக்கம் மடங்கும். பிடிப்பு போய்விடும். வண்டி சுழலும். நேரம் சரியில்லை என்றால் கவிழும்.

நாற்பது குதிரையில் இந்த வில்லன் தூங்கிக்கொண்டிருப்பான். எண்பது குதிரையில் எழுந்து உட்காருவான்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் என்ற இளம் வக்கீல் 1965-ல் கார் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்து ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயமே ஷெவர்லே கார்வேர் என்ற காரின் ஸ்விங் ஆக்சில் பற்றித்தான். அடுத்த வருஷமே அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஸ்பிட்ஃபயரிலும் இதே தொல்லை. பெரிய கம்பெனி, பெரிய எஞ்சினீயர்கள். ஆனாலும் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியமைத்து ஸ்பிட்ஃபயரை ஒழுங்குக்குக் கொண்டுவர 1970 வரை ஆயிற்று. வண்டலூரும் சும்மா இருக்கவில்லை. 1972-ல் ஹெரால்டின் வாரிசாக வந்த கெஸலில் ஊஞ்சலைக் கழற்றிவிட்டு சாதாரண ஆக்சிலைப் போட்டது.

செய்தவனே பயந்து திருத்திய இடத்தில், நம் ஆள் இன்னும் நாற்பது குதிரையைக் கட்டப் பார்க்கிறான்.

*

வண்டலூரிடமிருந்து இன்னொரு பாடமும் உண்டு. 1985-ல் அதே கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-ம் வருஷத்தின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு. அங்கே அதற்குள் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின். இங்கே? பழைய வான்கார்டு காலத்து நாலு சிலிண்டர் எஞ்சினைத் தட்டிக்கொட்டி உள்ளே வைத்தார்கள். பார்த்தால் புலி. மிதித்தால் பசு. விலையோ யானை. 1988-ல் கடை கட்டியாயிற்று.

அங்கே உடம்பு புதுசு, இதயம் பழசு. நம் பையனுக்கு உடம்பு பழசு, இதயம் புதுசு. தவறு ஒன்றேதான். கார் என்பது ஒட்டுப்போடுகிற சமாசாரம் இல்லை. எஞ்சின், பிரேக், ஸ்பிரிங், டயர், எடை எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் சேர்வது. ஆம்பூர்க்காரருக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஏழாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ போட்டால் வேகமாக ஓட முடியுமா? குப்புறத்தான் விழ முடியும்.

'அப்போ பெர்ஃபார்மன்ஸ் வேணாம்னு சொல்றீங்களா அங்கிள்?'

யார் சொன்னது? கோயமுத்தூர் கரிவரதன் என்று ஒரு மனிதர் இருந்தார். 1980-களின் கடைசியில் மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்தார். ஃபார்முலா மாருதி. அந்த எஞ்சின் 796 சி.சி. நாற்பது குதிரைக்குக் கீழ்தான். அதாவது நம் ஹெரால்டு அளவுதான்! வேண்டாத எடையை எல்லாம் கழற்றி எறிந்து, தரையோடு ஒட்டிப் படுக்கிற மாதிரி வண்டியைக் கட்டினார். அந்த மாதிரி வண்டியில் ஆரம்பித்த பையன்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவரதன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1995-லேயே வானில் பறக்கும்போது விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது.

நாற்பது குதிரையில் வித்தை காட்ட முடியாதவன் எண்பது குதிரையில் காட்டப் போவது வித்தை இல்லை, விபத்து.

சோழவரம் ஞாபகம் இருக்கிறதா? பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் ரேஸ் நடக்கும். ஃபியட், ஹெரால்டு எல்லாம் எஞ்சினை முறுக்கேற்றிக்கொண்டு பறக்கும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஏனென்றால் அங்கே எதிரே லாரி வராது. ஆடு வராது. ரேஸ் என்றால் வண்டியைச் சோதிப்பார்கள். பிரேக் சரியில்லாத வண்டியை உள்ளே விடமாட்டார்கள். தலையில் ஹெல்மெட், உடம்பில் பெல்ட், உள்ளே இரும்புக் கூண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக்கும் வந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது? ஆம்பூர் வழியாகப் போகிற இதே சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில்தான். வண்டியை லாரியில் ஏற்றி கிழக்கே மூன்று மணி நேரம் போனால் போதும்.

ஆனால் டிராக்கில் காட்ட வேண்டியதைப் பள்ளிகொண்டாவுக்கும் வாணியம்பாடிக்கும் நடுவிலேயே காட்ட வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

*

ஏன் தெரியுமா? சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் அந்தச் சாலையோரம் நின்று பாருங்கள். ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள். காலையிலிருந்து உட்கார்ந்து அப்பர் தைத்த கண்கள். கையில் டிபன் பை. கம்பெனி வேனைப் பிடிக்க, ஷேர் ஆட்டோவைப் பிடிக்க, சாலையைக் கடக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 28 மீட்டர். நீங்கள் அந்த அம்மாவைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 28 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலையே. நல்ல டயர், நல்ல டிஸ்க் பிரேக் உள்ள இன்றைய காருக்கே காய்ந்த சாலையில் இன்னும் நாற்பது, நாற்பத்தைந்து மீட்டர் வேண்டும். மொத்தம் எழுபது மீட்டருக்கு மேல்! 1967 டிரம்முக்கு எவ்வளவு வேண்டும் என்று நான் கணக்குப் போட விரும்பவில்லை.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். 17,884 பேர் செத்தார்கள். இந்தியா முழுக்க அந்த வருஷம் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அதிவேகத்துக்குப் பலி. அரசாங்கக் கணக்கு இது.

வேலூர்க்காரர்களுக்கு நான் ஒரு பெயரை ஞாபகப்படுத்த வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954-ல் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாகி, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் பாகாயத்தில், தன்னைப் போல முடங்கினவர்களுக்காக மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். கும்பிட வேண்டிய மனுஷி. ஆனால் ஒவ்வொரு விபத்திலும் ஒரு மேரி வர்கீஸ் எழுந்து வருவதில்லை. மற்றவர்கள் பாயோடு பாயாகக் கிடக்கிறார்கள். தைக்கப் போன கையை நம்பியிருக்கும் வீட்டில், அந்தக் கை கிடையில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

*

'சரி, எஞ்சினை மாத்தாம எப்படி ஓட்டறது? பழைய ஸ்பேரே கிடைக்க மாட்டேங்குதே' என்பீர்கள். நியாயமான கேள்வி. உதிரி பாகம் தேடி அலைகிறவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு அலையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். விபத்து என்று ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறந்து பார்ப்பார்.

இன்னொன்று. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி அந்தஸ்து கொடுத்தது. 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். ஆனால் ஒரு நிபந்தனை: சேஸிஸ், உடம்பு, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. எஸ்டீம் எஞ்சினை இறக்கின அன்றைக்கே, தாத்தாவின் கார் அந்தத் தகுதியை இழந்துவிடுகிறது. ரெண்டரை லட்சம் செலவழித்து ஒரு பொக்கிஷத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போடும் சரக்காக மாற்றுகிற சாமர்த்தியம் இது!

பாய் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர் ஒர்க்‌ஷாப் வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால், அன்றே பையனோடு போயிருந்தேன். பட்ஜெட் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்து அந்த முதல் கேள்வியைக் கேட்டார். பிறகு பையனிடம் சொன்னார்: 'ஓட வெக்கிறதுக்கு ஆயிரம் பேர் வருவாங்க தம்பி. நிறுத்தறதுக்கு நீ ஒருத்தன்தான் இருப்ப.'

அவர் போட்டுக் கொடுத்த வரிசை இது. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

முதலில் பிரேக். வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், லைனிங். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

இரண்டாவது டயர். பட்டன் தேயாமல் இருக்கலாம், ரப்பருக்கு வயசாகியிருக்கும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். படியுங்கள்.

மூன்றாவது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ், ஸ்டியரிங். நான்காவது, இல்லாத சீட் பெல்ட்டை மாட்டுவது.

எஞ்சின் ஐந்தாவதுதான். அதிலும் மாற்றுவது இல்லை, சரிசெய்வது. கம்ப்ரஷன் பார்ப்பது, வால்வ் இடைவெளி, இக்னிஷன் டைமிங், ரேடியேட்டர் சுத்தம். இன்றைக்கு பங்க்கில் விற்கும் பெட்ரோலில் இருபது சதவிகிதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்காமல் வெடிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும்? அதைத் தாங்கும் குழாய் போட்டு, கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்குத் தகுந்தபடி சரிசெய்ய வேண்டும். 'இதெல்லாம் பண்ணாலே உன் தாத்தா ஓட்டின வண்டி திரும்ப வந்துடும். பாதி குதிரை தூங்கிட்டுதான் இருக்கு தம்பி. புதுசு எதுக்கு?' என்றார் பாய்.

சத்தம் விற்கிற கடைகளும், பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை வினாடி என்று மட்டும் எச்சில் ஒழுக எழுதுகிற கார் பத்திரிகைகளும், நூறிலிருந்து பூஜ்யம் எத்தனை மீட்டர் என்று அதே சைஸ் எழுத்தில் எப்போது போடப் போகின்றன?

*

கடைசியாக ஒன்று. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் இருப்பவர்களுக்கு 'அடுத்த ஃபேஸ்' என்ற வார்த்தையின் விலை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடுவது முதலில், கழிவைச் சுத்திகரிப்பது பிறகு என்றார்கள். டாலர் வந்தது. பாலாறும் கிணறும் போயின. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: கெடுத்தவன் விலை கொடுக்க வேண்டும், ஆபத்து நிரூபணமாகட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இந்தியா முழுக்க இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு. உங்கள் ஊர் பெயரில் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியிலும், அதே பாலாறு, அதே தோல் கழிவு பற்றி அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஃபேஸ் அவ்வளவு சுலபமாக வருவதில்லை!

ஆற்றுக்குச் சொன்னதைத்தான் காருக்கும் சொல்கிறேன். ஓட்டம் முதலில், பாதுகாப்பு பிறகு என்ற வரிசையே தப்பு. அந்த 'பிறகு'க்கான பில்லை, வண்டி வைத்திருப்பவன் கட்டுவதில்லை. சாலையைக் கடக்கிறவர்கள் கட்டுகிறார்கள்.

போன வாரம் பையன் போன் செய்தான். 'வீல் சிலிண்டர் நாலும் ஜாமாயிருந்துது அங்கிள். இத்தனை வருஷமா ஹேண்ட் பிரேக்லதான் நின்னுட்டு இருந்துது போல' என்றான். எஞ்சின் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சைலன்சருக்கு வைத்திருந்த பணம் டயருக்குப் போய்விட்டதாம்.

உங்கள் வண்டியின் பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பதிலை எனக்கு எழுத வேண்டாம். மெக்கானிக்கிடம் சொன்னால் போதும்.